துண்டு சப்பிய புதன்கிழமை

சமையலறைக் குழாய்க்கு மேலே ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு தம்ளர், அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. குளியலறைக் குழாய்க்கு மேலும் அதே படம். கீழே ஓர் எழுத்துகூட இல்லை. தேவையும் இல்லை.

அவள் டயாலிசிஸ் டெக்னீஷியன். அந்த ஊர் மருத்துவமனையில் புதிதாக ஆறு இயந்திரங்கள் இறக்கியிருந்தார்கள். நர்சுகளுக்குப் பழக்கிக் கொடுக்கப் பன்னிரண்டு நாள் வந்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு முதல் வேலை. கடல் தாண்டியதும் முதல் தடவை. அவள் கணவன் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தான். குழந்தைக்கு ஐந்து மாதம். வீட்டில் துரை என்று கூப்பிட்டார்கள். படுத்த இடத்திலிருந்தே எல்லோரையும் வேலை வாங்கியதால் வந்த பெயர்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவள் பாடம் நடத்திப் பழகினாள். வாஷிங் மெஷின்தான் டயாலிசிஸ் இயந்திரம். அவன்தான் நர்ஸ். துரை அவள் இடுப்பில். நர்ஸ் நாலு தடவை ஃபெயில் ஆனான்.

பெட்டி கட்டும்போது சொன்னாள். "அவன் வாய்க்குள்ள ஒரு சொட்டுக் குழாய்த் தண்ணி போனாலும் அடுத்த ஃப்ளைட்ல திரும்பிடணும். பயிற்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சரி மேடம்."

"விளையாட்டுக்குச் சொல்லல."

"நானும் விளையாட்டுக்குச் சரின்னு சொல்லல."

தண்ணீர் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. ஒரு நோயாளிக்கு ஒரு தடவைக்கு நூற்றிருபது லிட்டர் சுத்தத் தண்ணீர் வேண்டும். தினமும் காலையில் அதைச் சோதித்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடுவாள். "அங்க நூத்தியிருபது லிட்டர், இங்க நூத்தியிருபது மில்லி. ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள்.

மருத்துவமனை கொடுத்த வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். பாட்டில் தண்ணீர் கேன் கேனாக வந்து இறங்கியிருந்தது. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் துரைக்குப் பவுடர் பால். அதற்குப் பாட்டில் தண்ணீரையும் கொதிக்கவைக்க வேண்டும் என்றாள். கொதித்ததும் கெட்டில் தானாக அணையும். அரை மணி நேரத்துக்குள் பவுடரில் ஊற்றவேண்டும். பிறகு ஃபீடிங் பாட்டிலைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கவைத்து ஆற்றவேண்டும். கிண்ணத்துத் தண்ணீர் பாட்டிலின் கழுத்தைத் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் பாலைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

இதற்கெல்லாம் ஒரு தாள் இருந்தது. டயாலிசிஸ் நோயாளிக்கு அரை மணிக்கு ஒரு தடவை எழுதும் தாளையே குழந்தைக்காக மாற்றி அடித்திருந்தாள். நேரம். கொதித்த நேரம். எத்தனை மில்லி. சிறுநீர். மலம். கடைசியில் குறிப்பு. நாளுக்கு ஒரு தாள். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருந்தாள்.

"எழுதாதது நடக்காதது" என்றாள். அவளுடைய யூனிட்டில் அதுதான் சட்டம்.

திங்கட்கிழமை காலை அவள் வாசல்வரை போய்விட்டு மூன்று தடவை திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை அவன் சொன்னான்.

"என் பக்கத்து சீட்லயும் ஒரு பிரேக் இருக்கு. பழகறவங்க ஓட்டும்போது அதுல கால வைக்கணும். வாய வைக்கக் கூடாது. வாய வச்சா ஓட்டறவன் நடுங்கிடுவான்."

"இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?"

"ஒண்ணும் சொல்லல. போயிட்டு வாங்க மேடம்."

அவன் கட்டம் தவறாமல் எழுதினான். குறிப்புக் கட்டம் காலியாக இருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் அதில், "துரை துயில் எழுந்தார்" என்று எழுதினான். "துரை கேன் தண்ணீர்க்காரரைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை." அவள் மாலையில் வந்து கை கழுவி, மறுபடி கொதித்த தண்ணீரில் கை கழுவி, தாளை எடுத்து மில்லிகளின் மேல் விரலை ஓட்டுவாள். தலையை ஆட்டுவாள். தாளைக் கோப்பில் செருகுவாள். குறிப்புக் கட்டத்தில் அவள் விரல் நின்று அவன் பார்த்ததில்லை. முடிந்த தாளை அவனும் திரும்பத் தொட்டதில்லை. பாடம் முடிந்தால் கையெழுத்து, அடுத்த ஆள். இருபது வருடப் பழக்கம்.

புதன்கிழமை பத்தரை மணிக்குத் துரையைக் குளிப்பாட்டினான். நீல பிளாஸ்டிக் தொட்டி. ஹீட்டரிலிருந்து வந்த குழாய்த் தண்ணீர். குளிக்கிற தண்ணீருக்குத் தாளில் கட்டம் இல்லை. உடம்பு துடைக்கிற சின்னத் துண்டைத் தொட்டி விளிம்பில் போட்டுவிட்டு, பெரிய துண்டை எடுக்கத் திரும்பினான். இரண்டு விநாடி. திரும்பிப் பார்த்தபோது நனைந்த சின்னத் துண்டு துரையின் வாயில் இருந்தது. கண்களை மூடி, சத்தம் வரச் சப்பிக்கொண்டிருந்தது குழந்தை. பிறந்ததிலிருந்து எதையும் அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டதில்லை.

அவன் இழுத்தான். துரை விடவில்லை. விரலை உள்ளே விட்டு எடுக்க வேண்டியிருந்தது.

துண்டைப் பிழிந்து பார்த்தான். நிறையவே தண்ணீர் வந்தது. மிச்சம் இருந்த தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தது. உள்ளே போனது எவ்வளவு என்று தெரியவில்லை.

குழந்தைக்கு உடை மாட்டிவிட்டுத் தாளுக்கு முன் நின்றான். எழுதாமல் விடலாம். ஆனால் அவன் பொய்க் கையெழுத்துப் போடுகிறவன் இல்லை. ஐம்பது மணி நேரம் ஓட்டாதவனுக்கு ஐம்பது என்று எழுதிக் கொடுத்ததில்லை. கடைசியில் எழுதினான். "துரை நீராடினார். துண்டையும் ருசி பார்த்தார்."

எழுதியும் ஆயிற்று, சொல்லாமலும் ஆயிற்று.

அன்று மாலை அவள் படியேறும் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

"இன்னைக்கு அவங்களே மெஷினை ஓட்டினாங்க" என்றாள். "நான் கைகட்டி நின்னேன். தலைமை நர்சம்மா மட்டும் ஒரு வால்வை மாத்தித் திருகிட்டாங்க. அவங்களே கண்டுபிடிச்சு அவங்களே சரி பண்ணினாங்க."

தாளை எடுத்தாள். விரல் ஓடியது. தலை ஆடியது. தாள் கோப்புக்குள் போனது. அவன் துரையின் சாக்ஸை மடித்துக்கொண்டிருந்தான். ஒரே ஜோடியை மூன்று தடவை மடித்தான்.

வியாழக்கிழமை குளிக்கிற தண்ணீரையும் காய்ச்சினான். தொட்டிக்கு ஒன்பது லிட்டர். கெட்டில் ஒன்றரை லிட்டர். ஆறு தடவை. வீட்டிலிருந்த பாத்திரங்கள் எல்லாம் ஜன்னல் ஓரம் வரிசையாக ஆறிக்கொண்டிருந்தன. சமையலறைக் கண்ணாடி முழுக்க ஆவி. மாலையில் அவள் அந்த வரிசையைப் பார்த்தாள்.

"என்ன, பந்தி போடப் போறீங்களா?"

"வெந்நீர் அவனுக்கு இதமா இருக்கு."

"ஓகோ" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் துரைக்கு இளகிப் போனது. அவள் அப்போதுதான் படியிறங்கியிருந்தாள். எட்டரைக்கு இன்னொன்று. பத்துக்கு மூன்றாவது, தண்ணீராகவே. அவன் மூன்றையும் எழுதினான். குறிப்புக் கட்டத்தில் வேடிக்கையாக எதுவும் வரவில்லை. நெற்றியைத் தொட்டான். சுடவில்லை. தன் கை சுடுகிறதா என்று தன் நெற்றியையும் தொட்டான். பிறகு அன்றைய தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, துரையை மார்போடு கட்டிக்கொண்டு கிளம்பினான்.

மருத்துவமனை பத்து நிமிட நடை. சைக்கிள் கடை, பள்ளிக்கூடம், இரண்டு சிக்னல். முதல் நாளெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் ஓட்டுவதைப் பார்த்து நடக்கும்போதே அவன் வலது கால் பிரேக் தேடும். இன்று எந்த வண்டியும் கண்ணில் படவில்லை. என்ன சொல்வது என்று யோசித்தான். அவளுக்கு இன்னும் ஏழு நாள் வேலை இருந்தது. ஆறு இயந்திரங்களில் இரண்டைத்தான் தொட்டிருந்தாள். ஒரு வாக்கியம் சொன்னால் அவ்வளவும் முடிந்துவிடும். துரை வழி நெடுகச் சட்டைப் பொத்தானைச் சப்பப் பார்த்தது.

கண்ணாடிக் கதவு வழியாக அவள் அவர்களைப் பார்த்துவிட்டாள். கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"வயித்தால போகுது. காலையிலேர்ந்து மூணு."

அவள் குழந்தையின் உதட்டை விரலால் கீழே இழுத்துப் பார்த்தாள். வயிற்றை அமுக்கினாள். துரைக்குக் கூச்சமாக இருந்தது. காலை உதைத்தது.

"காய்ச்சல்?"

"இல்ல. இன்னொண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"புதன்கிழமை குளிப்பாட்டறப்ப..."

"துண்டு."

அவன் நிறுத்தினான்.

"எப்படித் தெரியும்?"

"எழுதியிருந்தீங்களே."

"அது சும்மா வேடிக்கையா எழுதினது."

"வேடிக்கையா எழுதினாலும் எழுத்து எழுத்துதானே."

கதவோரம் மாட்டியிருந்த தோள்பையிலிருந்து கோப்பை எடுத்தாள். தினமும் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. புதன்கிழமைத் தாளைத் திருப்பிக் காட்டினாள். அவன் எழுதிய வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பொடி எழுத்தில் இருந்தது: பார்த்தேன். மாலை 6.20. கீழே அவள் சுருக்கக் கையெழுத்து. அவன் மற்ற தாள்களையும் புரட்டினான். கேன் தண்ணீர்க்காரருக்கும் ஒரு "பார்த்தேன்" இருந்தது.

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா ஆமாம்பீங்க. ஆமாம்னா டிக்கெட் போடணும். சொன்னது நான்தானே." அவள் கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தலைமை நர்ஸ் ஓர் இயந்திரத்தின் முன் குனிந்து ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். "அன்னைக்குத்தான் அவங்க முதல் தடவையா ஓட்டினாங்க."

அவன் தாள்களைத் திரும்பக் கோப்பில் செருகினான்.

"மறுநாள் வந்து பாத்தா பாத்திரம் பாத்திரமா தண்ணி. சரி, பிரேக்ல கால் இருக்குன்னு விட்டுட்டேன்."

"ரெண்டு நாளா நான் தூங்கல."

"தெரியும். குறட்டை வரல. அதைக் கேட்டுக்கிட்டேதான் நானும் முழிச்சிருந்தேன்."

தலைமை நர்ஸ் வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். யாரிடமும் கேட்காமல் துரையை வாங்கி, ஒரு மேஜை மேல் துண்டு விரித்துக் கிடத்தி, டயப்பரைக் கழற்றினாள். தலை உச்சியைத் தடவினாள். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாள். துரை அவளையே உற்றுப் பார்த்தது. பிறகு அவளுடைய வெள்ளைச் சட்டைக்கு நேராக, நிதானமாக, நெடுநேரம் பெய்தது.

நர்ஸ் சட்டையைப் பார்த்துக்கொண்டு அந்த ஊர் இழுப்பு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"உடம்புல தண்ணி நிறையவே இருக்காம்."

நர்ஸ் இன்னும் சொன்னாள். அவள் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தமிழில் சொன்னாள். துண்டாலும் இருக்கலாம், பயணத்தாலும் இருக்கலாம், இந்த வயதில் எதனாலும் இருக்கலாம். தாய்ப்பால் அடிக்கடி கொடுக்கவேண்டும். காய்ச்சல் வந்தாலோ, ஆறு மணி நேரம் டயப்பர் நனையாமல் இருந்தாலோ, ரத்தம் தெரிந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும். இங்கேயே குழந்தை டாக்டர் இருக்கிறார். இத்தனையும் சொல்லிவிட்டு நர்ஸ் சட்டை மாற்றப் போனாள்.

அட்டைப் பெட்டிகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து அவள் பால் கொடுத்தாள். அவன் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

"அப்போ டிக்கெட்?" என்றான்.

அவள் துரையை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"அன்னைக்கு பயத்துல சொல்லிட்டேன். ஒரு சொட்டுன்னு. தண்ணியோட வேலை பாக்கறவ அப்படிப் பேசியிருக்கக் கூடாது." துரையின் வாயோரத்தைத் துடைத்துவிட்டு, "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம். கூடினா கிளம்பிடலாம். நிஜமாவே கிளம்பிடலாம். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

எனக்கு ஒண்ணும் இல்ல என்பதை மட்டும் அவன் நம்பவில்லை. மற்றதை நம்பினான்.

"குறையும்" என்றான்.

"குளிக்கற தண்ணிக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கணும். அது என் தப்பு."

"ரெண்டு விநாடி திரும்பினது யாரு?"

"சரி, அது உங்க தப்பு."

அவன் சிரித்தான். மூன்று நாளில் முதல் தடவை. துரை பாலை விட்டுவிட்டுச் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

மத்தியானம் ஒன்று போனது. ராத்திரி போகவில்லை. சனிக்கிழமை காலை ஒன்று, பாதி கெட்டி. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒன்று. அவன் டயப்பரை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டை நகர்த்தாமலே எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

"எழுதட்டுமா?"

"எழுதாதது நடக்காதது."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. இரண்டு பேருமாகக் குளிப்பாட்டினார்கள். அவன் பிடித்துக்கொண்டான். அவள் ஆறின தண்ணீரை ஊற்றினாள். துரை தொட்டியின் வலது விளிம்பைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை. இடது விளிம்பைத் தடவியது. பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்து, கீழுதட்டைப் பிதுக்கி, கத்தத் தொடங்கியது.

"அடேயப்பா" என்றாள் அவள். "ஞாபகம் வச்சிருக்கான் பாருங்க."

துடைத்து, உடை மாட்டி, படுக்கையில் போட்ட பிறகும் துரையின் கோபம் தீரவில்லை. அவன் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போனான். தாளில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது, அடிக்கோலால் கோடு போட்டு: குளியல், கொதித்த நேரம். அதில் நேரம் எழுதினான். குறிப்பில் எழுதினான்: "துரை துண்டைத் தேடினார். கிடைக்கவில்லை. பெற்றோர் மேல் கடும் அதிருப்தி."

பேனாவை மூடாமல் அவளிடம் நீட்டினான். அவள் படித்தாள். ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள். கடிகாரத்தைப் பார்த்து நேரமும் போட்டாள்.

அவன் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, சுவிட்சைத் தட்டினான்.