டிக்கியை மூடிய பிறகு

"அப்பா, டிக்கியை மூடுனதும் உள்ள இருக்கிற வெளிச்சம் எங்க போகும்?"

ஆறு வயதுப் பெற்றீசியா இப்படிக் கேட்டபோது அவளுடைய அப்பா, டிரைவர் மரியநாயகம், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய கறுப்புக் காரின் டிக்கியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரியும். மூடினால் அணைந்துவிடும். கப்பலில் வந்த கார். அதில் அப்படியொரு வசதி.

"தூங்கப் போயிரும் கண்ணு."

"நீங்க பாத்தீங்களா?"

"மூடுன பொறகு எப்படிம்மா பாக்கிறது?"

குழந்தை அத்துடன் விட்டுவிட்டது. பெரியவர்களும் விட்டுவிட்டோம். விட்டிருக்கக் கூடாது.

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் சின்னக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் அது ஐம்பத்தாறாம் ஆண்டு ஆடி மாதம். காலையில் கார் கிளம்பவில்லை. மரியநாயகம் சாவியைத் திருப்பினார். கார் ஒருமுறை முனகியது. பிறகு அதுவும் இல்லை. பெட்டரி செத்துக் கிடந்தது. தேயிலை பெக்டரிக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்தார்கள். மறுநாள் கிளம்பியது. அதற்கு மறுநாள் மறுபடியும் செத்துக் கிடந்தது. புதுப் பெட்டரி வாங்கிப் போட்டார்கள். அதுவும் இரண்டே நாளில் பழைய பெட்டரியின் வழியில் போயிற்று.

மூன்றாம் வாரத்தில் கார் தள்ளுவது ஒரு தோட்டத் தொழிலாகவே ஆகிவிட்டது. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது இராமையா கங்காணி, "கான் வெட்டப் பத்துப் பேரு, கவ்வாத்துக்கு இருவது பேரு, காரு தள்ள எட்டுப் பேரு," என்று சத்தம் போடுவார். கார் தள்ளப் பெயர் வந்தவர்கள், வாய்க்கால் வெட்டவும் தேயிலைச் செடி கழிக்கவும் போகிற மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். பள்ளத்தில் உருளும் காரோடு கொஞ்சத் தூரம் ஓடினால் போதும். அரை நாள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். கால் விளங்காத மூக்கனுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. கார் பின்னால் உருண்டுவிடாமல் சக்கரத்துக்குக் கல் வைப்பது அவர் வேலை. ஒரு கையில் தடி, ஒரு கையில் கல். கல்லை யாரையும் தொடவிடமாட்டார்.

பெட்டரி ஏன் சாகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. குளிரில் விறைத்துவிடுகிறது என்றார்கள்; சாக்குப் போர்த்தினோம். டிரைவர் காரை முனியாண்டி கோயிலுக்கு முதுகைக் காட்டி நிறுத்துகிறான் என்றார்கள், திருப்பி நிறுத்தினோம். கண்ணூறு என்றார்கள், உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டோம். கார் தும்மவில்லை, நாங்கள் தும்மினோம். மரியநாயகம் கார் மூடியின்மேல் கையை வைத்து ஜெபமாலை சொன்னார். கர்த்தர் அவருக்குப் பொறுமையைக் கொடுத்தார். பெட்டரிக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

அவர் மூளையில்லாதவரும் அல்லர். ஒருநாள் மாலை பெட்டரியிலிருந்து கம்பியைக் கழற்றி வைத்தார். காலையில் கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஆகவே பெட்டரியில் குறையில்லை. காருக்குள் ஏதோ ஒன்றுதான் இருந்த இடத்திலிருந்தே அதைக் குடிக்கிறது. ஆனால் கம்பியைக் கழற்றியதால் காரிலிருந்த கடிகாரம் நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்துப் போன துரை கிளப்புக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தார். இனிக் கம்பியில் கை வைக்கக் கூடாது என்று கட்டளை வந்தது.

துரைக்கும் ஒரு காரணம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் எல்லோர் முன்னிலையிலும், தமக்குத் தெரிந்த தமிழில் அதைச் சொன்னார்.

"நீ ராவைக்கு காரு உள்ளே லைட் போடுறது. சீட்டு வெளையாடுறது."

"மாதா சத்தியமா இல்லீங்க தொரை. எனக்குச் சீட்டே தெரியாதுங்க."

"ஞாயித்துக்கெழமை நான் சர்ச்சுக்குப் போறது. காரு கெளம்பல்லே, திங்கக்கெழமை ஒனக்குப் பத்துச்சீட்டு."

பத்துச்சீட்டு என்றால் வேலை போனது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். மனைவியையும் பெற்றீசியாவையும் அழைத்துக்கொண்டு மூட்டையும் முடிச்சுமாக ரோட்டில் நிற்க வேண்டியதுதான். ஆடி மழையில்.

சனிக்கிழமை பின்னேரம் கார்க்கொட்டகையில் விசாரணை நடந்தது. மரியநாயகம், கங்காணி, மூக்கன், கார் தள்ளுகிறவர்களில் ஐந்து பேர் கூடியிருந்தார்கள். துரை வரவில்லை. தமக்குப் பதிலாக ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கர் செல்லசாமியை அனுப்பியிருந்தார். செல்லசாமி நல்ல பருமன்; எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர்; தோட்டத்தில் துரை நம்பும் ஒரே வாய் அவருடையது.

மரியநாயகம் விளக்கு, ஹார்ன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பெட்டரிக் கம்பியைக் கழற்றி மெல்லத் தொட்டுக் காட்டினார். சட்டென்று ஒரு பொறி பறந்தது.

"பாத்தீங்களா ஐயா, எல்லாத்தையும் நிப்பாட்டியிருக்கேன். அப்பவும் ஏதோ இழுக்குது."

"கடிகாரமாயிருக்கும்."

"கடிகாரம் இவ்வளவு குடிக்காதுங்க. நாலு வருசமா அதும் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?"

அப்போதுதான் மரியநாயகத்துக்கு மகளின் கேள்வி நினைவுக்கு வந்தது. சொன்னார். செல்லசாமி சாவி போட்டுப் பூட்டை எடுத்துவிட்டார்; கங்காணி டிக்கியைத் திறந்து பார்த்தார்.

"விளக்கு நல்லாத்தானே எரியுது?"

"தெறந்தா எரியணும்தான் கங்காணியாரே. மூடுனா அணையுதாங்கிறதுதான் கேள்வி."

கங்காணி பூட்டு விழாமல் மூடினார். "இப்பத் தெரியல."

திறந்தார். "இப்ப எரியுது."

இப்படி ஆறேழு தடவை வேகவேகமாகத் திறந்து பார்த்தார். எவ்வளவு சீக்கிரம் திறந்தாலும் விளக்கு அவரை முந்திக்கொண்டது.

"கோழிய விட்டுப் பாப்போம்," என்றார் கங்காணி. "இருட்டுனா கோழி தூங்கும். வெளிச்சம் இருந்தா கெக்கரிக்கும்."

லயத்திலிருந்து ஒரு கோழி வந்தது. டிக்கிக்குள் வைத்து மூடினார்கள். ஒன்பது பேரும் காதை வைத்துக் கேட்டார்கள். சத்தமில்லை. கால் மணி கழித்துத் திறந்தால் கோழி ஒரு முட்டையிட்டிருந்தது. கோழி முட்டையிடுவது இருட்டிலா வெளிச்சத்திலா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை தொடங்கியது.

"போதும் நிறுத்துங்க!" என்றார் செல்லசாமி. "கோழி சொல்லிச்சுன்னு நான் துரைகிட்டப் போய் நிக்கவா? மனுசன்தான் உள்ள போகணும்."

"நான் போறேனுங்க," என்றார் மரியநாயகம்.

"ஒன் மேலதான் குத்தமே. நீ பாத்தேன்னா நம்புவாரா?"

எல்லோரும் கங்காணியைப் பார்த்தார்கள். "நான் தொரைகிட்டப் பொய் சொன்னதே இல்லீங்க," என்றார் அவர். "ஆனா நான் சொன்ன எதையும் அவரு நம்புனதும் இல்ல."

இப்போது எல்லோரும் செல்லசாமியைப் பார்த்தார்கள். பிறகு செல்லசாமி தம் வயிற்றைப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார். கோட்டைக் கழற்றாமலே ஏறினார். முழங்காலை மடக்கித் தலையைச் சாய்த்து அவரை உள்ளே வைப்பதற்குள் நாலு பேருக்கு வேர்த்துவிட்டது. கங்காணி மூடியை ஓங்கி அடித்தார். பூட்டு விழுந்தது.

உள்ளிருந்து குரல் கேட்டது. "வெளிச்சம் இருக்கு! ஐயோ, வெளிச்சம் இருக்கு! அணையவே இல்ல!"

மூக்கன் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினார். "கிளாக்கரையாவுக்குக் காட்சி கெடச்சிருச்சு."

"சரி, தொறங்கப்பா," என்றார் செல்லசாமி உள்ளிருந்து.

"சாவி எங்கங்க?"

உள்ளே துணியைத் தடவும் சத்தம் கேட்டது. "ஏங் கோட்டுப் பையில."

அதன்பின் கொட்டகையே கலவரமாயிற்று. கடப்பாரை என்றான் ஒருவன். தச்சாசாரி என்றான் இன்னொருவன். துரையின் காரைக் கடப்பாரையால் நெம்பினால் எட்டுப் பேருக்கும் பத்துச்சீட்டு என்றான் மூன்றாமவன். கடைசியில் தச்சரைத் தேடி எல்லோரும் ஒன்றாகவே ஓடினார்கள். மூக்கனும் தடியை ஊன்றிப் பின்னால் போனார். எதற்கும் இருக்கட்டும் என்று கல்லையும் எடுத்துக்கொண்டார்.

கொட்டகையில் மரியநாயகம் ஒருவர்தான் மிஞ்சினார். அவர் காரின் பின்னாசனத்தில் ஏறி அதன் முதுகைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் நெகிழ்ந்து ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. அந்த வழியாக மங்கலான மஞ்சள் வெளிச்சமும் ஒரு விசும்பலும் வெளியே வந்தன.

"ஐயா, நான்தான், மரியநாயகம். சாவியை இப்படிக் குடுங்க."

"மரியநாயகம், வெளக்கு மங்குதுப்பா. பெட்டரி சாகுது. அணைஞ்சிரும் போல இருக்கு." தோட்டத்தையே அதட்டும் அந்தக் குரல் குழந்தையின் குரலாகிவிட்டது. "எனக்கு இருட்டுன்னா ஆகாதுப்பா. சின்னதுலேருந்தே ஆகாது. இன்னிக்கும் வெளக்கு வச்சுக்கிட்டுத்தான் படுக்கிறேன். யாருக்கும் தெரியாது."

மரியநாயகம் கையை உள்ளே நீட்டினார். ஈரமான ஒரு கை வந்து அதைப் பற்றிக்கொண்டது. சாவியை உடனே கேட்கவில்லை அவர். அருள் நிறைந்த மரியே என்று மெதுவாகத் தொடங்கினார். செல்லசாமி முருக பக்தர். ஆனாலும் உள்ளிருந்து வரிக்கு வரி உதடு அசைவது கேட்டது. மூன்றாம் முறை சொல்லி முடித்தபோது பற்றிய கை தளர்ந்தது, சாவி வந்தது.

டிக்கியைத் திறந்து அவரை இறக்கி உட்கார வைத்தபோது செல்லசாமியின் முகமெல்லாம் கண்ணீராக இருந்தது. தூரத்தில் ஆட்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. மரியநாயகம் கார் கழுவும் வாளியை எடுத்து அவர் கையில் தண்ணீர் வார்த்தார். ஆட்கள் வந்தபோது பெரிய கிளாக்கர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் அவர்கள் கண்டது.

"இங்க பாருங்க," என்றார் செல்லசாமி, பழைய குரலில். டிக்கி மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு திருகாணித் துவாரம். "உள்ள படுத்திருக்கும்போது பாத்தேன். மூடியில ஏதோ ஒண்ணு இருந்திருக்கு. அதுதான் வெளக்குப் பக்கத்துல இருக்கிற இந்தப் பொத்தானை அமுக்கி வெளக்கை அணைக்கணும். அதை யாரோ கழட்டியிருக்காங்க."

மரியநாயகத்தின் முகம் செத்துப்போயிற்று. ஆடி பிறந்த அன்று மழையில் மூக்கன் லயத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். அன்று டிக்கி மூடியில் ஒரு வேலையும் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு ரப்பர்க் குமிழ் ஒன்று மரியநாயகத்தின் கண்ணில் பட்டது. கழற்றி மூக்கனின் தடிக்கு அடியில் மாட்டிக் கொடுத்தவர் அவரேதான். அதன்பிறகு மூக்கன் விழவில்லை. பெட்டரிதான் விழுந்தது.

மூக்கனுக்கும் விளங்கிவிட்டது. குனிந்து தடியின் நுனியைத் திருகத் தொடங்கினார். செல்லசாமி தடியைப் பார்த்தார், மரியநாயகத்தைப் பார்த்தார்.

"மூக்கா, மழை வரப்போவுது. தடியை நல்லா ஊனிப் புடிச்சிக்கிட்டு வீட்டுக்குப் போ," என்றார். பிறகு டிக்கி விளக்கைக் கழற்றித் தம் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்பியது. ஆனால் செல்லசாமி கண்டதைக் கேட்டபோது துரை சிரிக்கவில்லை. "கழட்டுனது யாரு? நாளைக்கிப் பெரட்டு முடிஞ்சி நான் பாக்கிறது. அந்தச் சாமான் இல்லே, டிரைவருக்குப் பத்துச்சீட்டு."

தடியிலிருந்து ரப்பரைக் கேட்டு வாங்க மரியநாயகத்துக்கு மனம் வரவில்லை. அன்று மாலை குடும்பத்தோடு மாதா கோயிலுக்குப் போய் வந்து, இரவு சாமான்களைக் கட்டி வைத்தார்.

திங்கட்கிழமை காலை துரை டிக்கியைத் திறந்தார். கழற்றிய விளக்கு மறுபடியும் அங்கே எரிந்தது. மூடியில் கபில நிறத்தில் ஒரு ரப்பர்க் குமிழ் இறுக்கமாகத் திருகப்பட்டிருந்தது. துரை ரப்பரை விரலால் தடவிப் பார்த்தார்; விளக்கருகே இருந்த பொத்தானை அமுக்கினார், விளக்கு அணைந்தது, விட்டார், எரிந்தது. நாலைந்து முறை அப்படியே செய்தார். அவருக்கு அது பிடித்துவிட்டது போலிருந்தது. "குட்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மரியநாயகம் மூக்கனின் தடியைப் பார்த்தார். கறுப்பு ரப்பர் அங்கேயே இருந்தது.

மறுநாள் பெட்ரோல் துண்டு வாங்க ஆபீசுக்குப் போனார். செல்லசாமி நிமிர்ந்தே பார்க்காமல் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது அவர் நாற்காலி டக் டக் என்று ஆடியது. மரியநாயகம் கீழே பார்த்தார். மூன்று கால்களில் கபில நிற ரப்பர். நாலாவது கால் வெறுங்கட்டை.

துண்டை வாங்கிக்கொண்டு, "வரேனுங்க ஐயா," என்று மட்டும் சொல்லி வெளியே வந்தார்.

மத்தியானம் ஆபீசைச் சாத்திவிட்டு எல்லோரும் சோற்றுக்குப் போன நேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. மரியநாயகம் பின்கதவால் உள்ளே நுழைந்து, தம் வலது சப்பாத்தைக் கழற்றினார். அதன் குதிகால் ரப்பரைக் கத்தியால் பெயர்த்து, வட்டமாக வெட்டி, நாற்காலியின் நாலாவது காலில் இரண்டு சின்ன ஆணிகளால் அடித்தார். நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. தரையில் உதிர்ந்த தூளை உள்ளங்கையால் கூட்டி எடுத்துக்கொண்டு, ஒரு கால் ஏறியும் ஒரு கால் இறங்கியுமாக மழையில் இறங்கி நடந்தார்.