சத்தியம் செய்த வாய்

தெருவே அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடும். தையல்காரி என்பது பாதிக் காரணம், நாக்கு மீதிக் காரணம். புருஷன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், பரம சாது. அவருக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் கலர் சோடா. சர்க்கரை ஏறுகிறது என்று டாக்டர் எச்சரித்த அன்று, பெண்டாட்டி தலையில் கை வைத்து, "இனிமே தொடமாட்டேன்" என்று சத்தியம் பண்ணினார்.

அது ஆச்சு ஒரு வருஷம். இப்போது என்னடாவென்றால், குளிர்ந்த தண்ணீர் பட்டால் மனுஷன் துள்ளுகிறார். பல் நுனியெல்லாம் மெலிந்து கிடக்கிறது. கிட்டே போனால் புளிச்ச வாடை. சில நாள் அதுவும் இல்லாமல் குப்பென்று பற்பசை வாசம். நேரங்கெட்ட நேரத்தில் எவனாவது பல் தேய்ப்பானா? தப்புப் பண்ணினவன்தான் தேய்ப்பான்! கத்தரி மனசுக்குள் பொருமினாள். சோடா கிடக்கட்டும், என் தலையில் கை வைத்தல்லவா பொய் சொல்லியிருக்கிறார்! நான் போனால் போகட்டும் என்று நினைத்துவிட்டாரா?

ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கையோடு பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"சோடா குடிச்ச பல்லா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை அவர் வாய்க்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்களே வந்து பாருங்க. சோடான்னா பெரும்பாலும் வெளிப்பக்கமும் அரிச்சிருக்கும். இவருக்கு வெளிப்பக்கம் நல்லா இருக்கு. நாக்குப் பக்கம்தான் வழுவழுன்னு தேஞ்சிருக்கு. வயித்துல இருந்து புளிப்பு ஏறி வருது. எச்சில்தான் பல்லுக்குக் காவல், தூங்கும்போது அது ஊறறது குறைஞ்சிடும். அந்த நேரம் பாத்து ஏறினா யார் தடுக்கறது? ராத்திரி எப்ப சாப்பிடறீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். "கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும்."

கத்தரிக்குச் சுருக்கென்றது. அவள் கடையை மூடி, வந்து சமைத்துத் தட்டு வைக்கும்போது ஊரே அடங்கியிருக்கும். முன்னாடியே சாப்பிடுங்களேன் என்றால் கேட்கமாட்டார். உன்னோடதான் என்று பசியோடு காத்திருப்பார். அவளும் ஆசை ஆசையாகக் குவித்துப் போடுவாள். தின்ற கையோடு படுக்கையில் விழுவார்.

"புளிச்சு ஏறினதும் என்ன பண்ணுவீங்க?"

"உடனே அழுத்தித் தேச்சிடுவேன். வாடை வந்தா இவ சோடான்னு நினைச்சுக்குவா."

"ஐயையோ! புளிப்பு பட்ட பல்லு இளகியிருக்கும். அப்பத் தேச்சா மேல்பூச்சு இன்னும்ல போகும்! தண்ணிவிட்டுக் கொப்பளிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு மெதுவா தேயுங்க. வயித்துக்கும் ஒரு டாக்டரைப் பாருங்க."

வாசலுக்கு வந்ததும் கத்தரி வெடித்தாள். "ஏங்க, குடிக்கலைன்னு வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. நீ நம்பலை."

கத்தரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் வெளிச்சம் இருக்கும்போதே கடையை மூடினாள். ரவிக்கைக்கு வந்து நின்றவளிடம், "உன் கல்யாணமே நின்னாலும் சரி, நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அளவாகச் சாப்பிட்டார்கள். அவருக்கு ஒரு ஏப்பம் வந்தது. பழக்க தோஷம், பிரஷை எடுக்க எழுந்தார். அவள் சட்டையைப் பிடித்து உட்காரவைத்து, தண்ணீரை நீட்டினாள். கொப்பளித்துவிட்டு வந்தார்.

கத்தரி அவர் தலையில் கை வைத்தாள். "சத்தியமா இனிமே உங்களைச் சந்தேகப்படமாட்டேன்."

"பாத்து! நீ மீறினா போறது என் தலை."

"ஒரு வருஷமா என் தலையைக் காப்பாத்தினீங்கல்ல? உங்க தலையை விட்டுடுவேனா?"

அவர் தேய்ந்த பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.