ரோஜாப் பாத்தி

உலகம்மாள் கட்டைவிரல் நகத்தால் ரோஜாத் தண்டின் பட்டையைக் கீறிப் பார்த்தாள். பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே வீட்டுக்காரர்தான். பழுப்புதான் தெரிந்தது. குனிந்து, ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை கீறினாள். அங்கேயும் பழுப்பு. தண்டை லேசாக வளைத்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது.

அப்பாடா என்றிருந்தது. மல்லிகையும் செம்பருத்தியும் சித்திரையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. மற்ற ரோஜாக்களும் கத்திரி தொடங்கிய வாரத்தில் கருகி முடிந்தன. இது ஒன்று மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், காலையில் ஒரு தளிர், சாயங்காலம் ஒரு தளிர் என்று வீம்பு பண்ணிக்கொண்டிருந்தது. வளர்த்தவர் குணம் வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இனிமேல் சொல்லிவிடலாம். இன்றைக்கே சொல்லிவிடலாம். இந்த நாளுக்காகத்தான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு செடியும் போகப் போகச் சொன்னால், இன்னொன்று பாக்கியிருக்கிறதே என்று அந்த மனுஷனுக்கு ஓர் ஆறுதல் இருக்கும். அந்த ஆறுதலைக்கூட அவருக்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை.

அவள் புருஷன் சண்முகசுந்தரம் பங்குனியில் ரங்கநாதன் தெருக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே சாய்ந்தவர். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதி போய்விட்டது. மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த பாதிப் பேச்சில் அவர் தினமும் காலையில் கேட்டது ஒரே கேள்விதான்.

"தண்ணி... விட்டியா?"

"விட்டாச்சு," என்பாள். அதற்கு முன்னால் கொல்லையில் வெறும் வாளியையும் குவளையையும் நன்றாக உருட்டிச் சத்தம் காட்டிவிட்டுத்தான் வருவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதைப் பார்க்கப் பார்க்க உலகம்மாளுக்கும் ஒரு நிம்மதி வரும். இரண்டும் வேறு வேறு ஜாதி நிம்மதி.

தண்ணீர்ப் பஞ்சம் ஒரு சாக்காக வாய்த்தது. வீட்டு போர்வெல் காற்றைக் கக்கிக்கொண்டிருந்தது. லாரி வந்தால் தெருவே பிளாஸ்டிக் குடங்களோடு அடித்துக்கொண்டது. காலையில் கடைக்குப் போய் ராத்திரி வரும் மகன் விசுவம், கருகிய கொல்லையைப் பார்த்து உச்சுக் கொட்டியதோடு சரி. ஆனால் பக்கத்து வீட்டு கைசர் ஜஹான் அப்படி விடவில்லை. அவள் வீட்டுக் கிணறு எந்தக் கோடையிலும் வற்றாதது. ஒருநாள் மதில் மேல் தலையை நீட்டி, "அக்கா, எங்க கெணத்துல தண்ணி நெறய கீது. டியூப் போட்டுத் தரேன், செடிக்கு வுட்டுக்க," என்றாள்.

உலகம்மாள் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சாவட்டும்," என்று மட்டும் சொன்னாள். கைசர் ஜஹான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கத்திரியில்தான், தென்காசியில் அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று கடைக்கு போன் வந்தது. சண்முகசுந்தரம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அந்த வாரம்தான் ஓசூரிலிருந்து ஒட்டு ரோஜாக்கள் வந்து இறங்கியிருந்தன. அவள் பெட்டியை எடுத்ததும் அவர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் அவள் காதில் அப்படியே இருந்தது.

"ரெண்டு நாள் கழிச்சுப் போடி. ஒட்டு புடிக்கிற நேரம், தண்ணி நின்னா பட்டுப்போவும். வயசானவுகளுக்கு வாரதுதான, ஒங்கம்மா எங்கயும் ஓடிற மாட்டா."

அவள் இரண்டு நாள் செடிக்குத் தண்ணீர் விட்டாள். மூன்றாம் நாள் அடுத்த போன் வந்தது. ரயில் பிடித்து ஊருக்குப் போய் இறங்கியபோது வாசல் கழுவிவிட்டிருந்தது. அம்மா படுத்திருந்த கட்டிலைச் சுவரில் சாத்தியிருந்தார்கள். வெயிலில் வைத்திருக்க முடியவில்லை தாயி என்று அண்ணன் அழுதான். அவள் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் முடிந்து திரும்பி வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, நீ இல்லாமல் எத்தனை செடி வாடிவிட்டது பார் என்று அவர் கணக்குச் சொன்னார்.

அதற்குப் பிறகும் அவள் பத்து வருஷம் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். நடமாடிக்கொண்டிருந்தவரை அவர் ஒவ்வொரு தூராகக் குனிந்து ஈரம் பார்ப்பார். அதனால் விட்டாள். ஒவ்வொரு குவளைக்கும் மனசுக்குள் ஒரு சாபம் சேர்த்தே விட்டாள். ஆனாலும் பாழாய்ப்போன செடிகள் கொத்துக் கொத்தாய்ப் பூத்தன.

நொறுங்கிய தண்டை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். முகம் கழுவி, தலையை அள்ளி முடிந்து, ஸ்டூலை இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தாள். மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண் பாதி திறந்து ஜன்னல் பக்கம் பார்த்திருந்தது. இன்றைக்கு அவர் கேள்வி கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, பதில் தன்னிடம் தயாராக இருக்கிறது என்று அவளே ஆரம்பித்தாள்.

"ஒங்க செடி பூராம் செத்துப்போச்சு. ஓசூர் ரோஜாவும் இன்னைக்குப் போயிட்டு. தண்ணி இல்லாம இல்ல. பக்கத்து வீட்டுல தாரேன்னாவ, நாந்தான் வேண்டாம்னுட்டேன். தெனமும் வெறும் வாளியத்தான் உருட்டுனேன். எங்கம்மா மொகத்த எனக்குக் காட்டாம அடிச்சீயல்லா, அதுக்குத்தான்."

குரல் நடுங்காமல் சொல்லி முடித்தாள். அவர் முகத்தில் என்ன வருகிறது என்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஓர் ஈ வந்து அவர் கடைக்கண்ணில் உட்கார்ந்தது. இமை அசையவில்லை. ஈ நிதானமாகக் கண்ணுக்குள் இறங்கி நடந்தது.

உலகம்மாள் மூக்கடியில் கை வைத்துப் பார்த்தாள். அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியளா? கேட்டியளா?" என்று கத்தினாள். எப்போது போனார் என்று தெரியவில்லை. அவள் கொல்லையில் பட்டையைக் கீறிக்கொண்டிருந்தபோதே போயிருக்கலாம். பத்து வருஷம் சேர்த்து வைத்ததை ஒரு பிணத்திடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஆத்திரத்தில் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுத அழுகை தெருக் கோடி வரைக்கும் கேட்டது. முதலில் ஓடிவந்த கைசர் ஜஹான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

விசுவம் கடையைச் சாத்திவிட்டு வந்தான். அவரைப் பெஞ்சில் கிடத்தி, பெரிய ஐஸ் கட்டிகளை வைக்கோலோடு கொண்டுவந்து அடியில் அடுக்கினார்கள். மத்தியானத்துக்குள் அவருடைய தங்கை செண்பகம் சைதாப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தாள். அண்ணன் காலைப் பிடித்து அழுது ஓய்ந்ததும் முகம் கழுவக் கொல்லைக்குப் போனவள், அங்கிருந்தே புதிதாக ஒரு பாட்டம் அழுகையோடு திரும்பி வந்தாள். உலகம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எப்படி இருந்த தோட்டம் மைனி. எங்கண்ணனப் பாக்கணும்னு அம்புட்டையும் காய விட்டுட்டியளே. கெடைச்ச தண்ணிய பூராம் அவனுக்கே ஊத்தியிருக்கியளே."

சுற்றி இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கிடைத்த ஒவ்வொரு குடத்தையும் புருஷனைத் துடைக்கவும் துணி அலசவும் வைத்துக்கொண்ட புண்ணியவதி என்று பேச்சு அந்த அறையிலிருந்து வாசலுக்குப் போய், வாசலிலிருந்து பந்தலுக்குப் போய், யார் யாரோ வந்து அவளைக் கும்பிட்டார்கள். கடைக்காரர்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனைவியா என்று விசுவத்திடம் சொன்னார். அவன் அம்மாவைப் பார்த்துக் கண் கலங்கினான்.

உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்ததையும் அவர் அறியாமல் போனார். இப்போது அதையும் அவர் கணக்கிலேயே வரவு வைக்கிறார்கள்.

"நான் வேணும்னுதான் தண்ணி விடல," என்றாள். எல்லோரும் கேட்கிற மாதிரி, பளிச்சென்று சொன்னாள்.

"தெரியும் மைனி," என்று செண்பகம் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஒங்களுக்கு அவனத் தவிர வேற எது முக்கியம்."

சுவரோரம் முக்காடோடு உட்கார்ந்திருந்த கைசர் ஜஹான் குனிந்து தரையைப் பார்த்தாள்.

வெயில் தாழ்ந்ததும் நீர்மாலை எடுக்கப் புறப்பட்டார்கள். குளிப்பாட்டும் தண்ணீரை மகன் சங்கும் சேகண்டியும் முழங்கப் போய்த்தான் கொண்டுவர வேண்டும். லாரித் தண்ணீர் ஆகாது என்று செண்பகம் சொல்லிவிட்டாள். கைசர் ஜஹான் எழுந்து போய்த் தன் வீட்டுக் கேட்டை விரியத் திறந்து வைத்தாள். விசுவமும் பங்காளிகளும் அவள் கிணற்றில் இறைத்து, தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்து, குடங்களைச் சுமந்து வந்தார்கள்.

கொல்லையில் துவைகல் பக்கம் பெஞ்சைப் போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். உலகம்மாள் முறைக்குத் தலையில் எண்ணெய் வைத்தாள். சீயக்காய் வைத்தாள். விசுவம் ஊற்ற ஆரம்பித்தான். குடம் குடமாகத் தண்ணீர் அவர் மேல் விழுந்து, சிமென்ட் தரையில் பரவி, விளிம்பிலிருந்த சின்ன வாய்க்காலில் இறங்கியது. துவைக்கிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று அவரே வெட்டிய வாய்க்கால் அது. அவர் படுத்ததுமே உலகம்மாள் அதன் வாயை மண் வைத்து அடைத்திருந்தாள். பெஞ்சு தூக்கி வந்தவர்கள் மிதித்ததில் மண் உடைந்து கிடந்தது. தண்ணீர் நேரே ரோஜாப் பாத்திக்குப் போனது. காய்ந்து வெடித்த மண் சுர்ரென்ற சத்தத்தோடு அதைக் குடித்தது.

"பாருங்க, போற வழியிலயும் செடிக்குத் தண்ணி விட்டுட்டுல்லா போறான்," என்று செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். விசுவம் குடத்தைப் பிடித்தபடியே தேம்பினான். ஆண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

உலகம்மாள் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே தண்டு செத்தால் வேர் செத்ததாகிவிடாது. ஒட்டுக்குக் கீழே, மண்ணுக்குள், தன் நகம் படாத இடத்தில் ஒரு சொட்டுப் பச்சை இருந்தால்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மயக்கம் வந்து தள்ளாடுகிறாள் என்று யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் கையை உதறிவிட்டு, வலது காலால் கரை மண்ணைச் சேர்த்து வாய்க்காலின் வாயில் தள்ளி மிதித்தாள். குதிகாலால் இன்னொரு தடவை அழுத்தினாள். தண்ணீர் தயங்கி நின்று, திரும்பி, மதில் ஓரமாக ஓடியது. மதிலடி ஓட்டை வழியாகச் சீயக்காய் நுரை ஒவ்வொன்றாக வெளியே இறங்கித் தெருச் சாக்கடையில் மிதந்து போனது.