கேரட் கிரீடம்

இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் முப்பத்திரண்டு பல்லின் மேல் ஆணை. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன், வருத்தம்தான் படுவேன்.

என் மகள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர். எந்தப் பிள்ளை எதைச் சாப்பிடலாம் என்று தாய்மார்களுக்குச் சொல்வது அவள் வேலை. சனிக்கிழமையும் வேலை உண்டு என்பதால் அன்று மத்தியானம் பேத்தி சுண்டு என் பொறுப்பு. ஆறு வயது. பர்கர் கடைக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மகள் தடுக்கவில்லை.

"போங்கப்பா, தப்பில்ல. ஆனா சின்ன பர்கர். கோழி பொரிச்சது வேணாம், சுட்டது. உருளை வறுவலுக்குப் பதிலா கேரட்டும் ஆப்பிளும் கேளுங்க, தருவாங்க. சோடா கூடாது, பால். உங்கள நம்பித்தான் விடறேன்."

"என்னை யாருன்னு நினைச்சே? கேரட்னா கேரட்தான்" என்றேன்.

சொன்னபடியே கேட்டு வாங்கினேன். கூடவே எனக்கென்று ஒரு பெரிய உருளை வறுவல். சுண்டு தன் கேரட் கிண்ணத்தை ஊசி போட வந்த நர்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு என் வறுவலைப் பார்த்தாள்.

"தாத்தா, மாத்திக்கலாமா?"

"உங்கம்மா என்ன சொன்னா?"

"கேரட் கேளுங்கன்னாங்க. கேட்டுட்டோமே."

வக்கீல் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள். மாற்றிக்கொண்டோம். அவள் வறுவலைத் தின்றாள், நான் கேரட்டைக் கடக் கடக்கென்று கடித்தேன். ஆப்பிளும் பாலும்கூட என் பக்கம் வந்துவிட்டன. சனிக்கிழமைதோறும் இதே கதை.

கொஞ்ச நாளில் மூக்குக்கண்ணாடி போட்டால் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கழற்றினால் உலகம் பளிச்சென்று இருந்தது. மேலே பறந்த விமானத்தில் ஒருவர் கட்டியிருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்து, கவுன்ட்டர் பெண்ணிடம் மணி சொன்னேன். பிடரியில் முடி கறுத்தது. முடி வெட்டுபவர், "அப்பா வரலையா தம்பி?" என்று கேட்டார். மாடிப்படியில் நான் ஏறுகிற வேகத்தைப் பார்த்து லிஃப்ட் இரண்டு தடவை பழுதாகி நின்றது.

சுண்டுவோ அதே படியில் பாதியிலேயே உட்கார்ந்து, "தூக்குங்க தாத்தா" என்றாள். மத்தியான வகுப்பில் தூங்கிவிடுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். எனக்கு உறுத்தியது. உறுத்தியதை ஓர் ஆப்பிள் துண்டோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். காலிக் கேரட் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டும் பிள்ளைக்குச் சுவரில் ஒரு பச்சை நட்சத்திரம் ஒட்டுவார்கள். சுண்டுவின் நட்சத்திர வரிசை சுவரைத் தாண்டி, கூரையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, கழிவறை வாசல்வரை போய்விட்டது. பூரித்துப்போன மேனேஜர் அவளுக்குக் காகிதக் கிரீடம் சூட்டப்போவதாக அறிவித்தார். அம்மாவும் வர வேண்டுமாம்.

மகள் தனியாக வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அடிச்சு மிரட்டியெல்லாம் பழக்கலைங்க. எங்கப்பா பக்கத்துல உக்காந்து பொறுமையா சாப்பிட வைக்கிறார். எங்கப்பா இருக்கும்போது எனக்கென்ன கவலை?" என்று அவர்களிடம் சொன்னாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று தரையைப் பார்த்தேன். கேரட் தின்ற கண்ணுக்கு டைல்ஸுக்கு அடியிலிருந்த எறும்புப் புற்றுகூடத் தெரிந்தது. எனக்குத்தான் அங்கே இடம் இல்லை.

மேனேஜர் கிண்ணத்தை நீட்டினார். "எங்க, ராணி ஒண்ணு கடிச்சுக் காட்டட்டும்!"

சுண்டு ஒரு கேரட்டை எடுத்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு கேரட்டை என் வாயருகே கொண்டுவந்தாள்.

"நீங்க கடிங்க தாத்தா. எப்பவும் நீங்கதானே திம்பீங்க. எனக்கு வறுவல்தானே."

பின்னாலிருந்து ஒரு தாய், "அட, அப்போ ராணி இல்ல, ராஜா!" என்றாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்த மேனேஜர், பாவம், அதை என் தலையில் வைத்துவிட்டார்.

மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாழாய்ப்போன கண்! ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. இமையில் நின்ற நீர் தெரிந்தது. திட்டியிருந்தால் தேவலை. அவளோ சட்டையில் குத்தியிருந்த ஆஸ்பத்திரி அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

"இனிமே சனிக்கிழமை நான் லீவு போட்டுக்கறேம்பா" என்றாள், மெதுவாக.

என் சனிக்கிழமை போயிற்று. ஊருக்கே கதை விடும் வாயில் சுண்டு நீட்டிய கேரட்டைத் திணித்துக்கொண்டேன்.

சுண்டு அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "தாத்தாவும் வரட்டும்மா. அவர் வரலேன்னா கேரட்ட யாரு திம்பாங்க?"

"நீதான்."

"முழுசுமா? பாதி?"

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாதி உனக்கு, பாதி தாத்தாவுக்கு. வறுவல் மேசைப் பக்கமே வரக்கூடாது. நான் எதிர்ல உக்காந்திருப்பேன்."

"சரிம்மா" என்றேன், கிரீடத்தைக் கழற்றக்கூடத் தோன்றாமல்.

இப்போது மூன்று பேராகப் போகிறோம். சுண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே தன் பாதியைத் தின்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என்னை முந்திக்கொண்டு படியேறுகிறாள். மகள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொண்டு என் பாதியை, அவள் காதில் நன்றாக விழும்படி, கடக் கடக்கென்று கடிக்கிறேன்.

என் வாயில் கடைசிப் பல் விழுந்தது, சுண்டு பிறப்பதற்கு முந்தைய வருஷம்.