குக்கர் விசிலோடு ஒரு கணக்குப் பாடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா: எனக்குப் பேசப் பிடிக்கும். கணக்கு டீச்சருக்கு அவ்வளவு பேச்சு எதற்கு என்று என் வகுப்பில் உட்காராதவர்கள் கேட்பார்கள். உட்கார்ந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள், கொஞ்சம் மரியாதையாக.

எங்கள் பள்ளிக்கூடம் மாலையில் மட்டும் நடக்கும். டயர் கடைக்கு மேலே ஒரு மாடி, இரண்டு அறைகள், மடக்கு நாற்காலிகள். சின்ன வயதில் படிப்பை விட்டுவிட்டு, வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் மறுபடி பரீட்சை எழுத வருகிற பெரியவர்களுக்கான இடம் அது. கீழே காற்றடிக்கும் இயந்திரம் 'புஸ்ஸ்' என்று விடும்போதெல்லாம் என் பேச்சு பாதியில் நிற்கும். என் வகுப்புக்கு இடைவேளை என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் தலைமை டீச்சர் எங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இனிமே முழு நேரமும் நாமளே பேசிட்டு இருக்க வேண்டாம். பாடத்தை அவங்க வீட்டுலயே போன்ல பார்த்துட்டு வரட்டும். இங்க வந்து கணக்குப் போடட்டும். நாம பக்கத்துல உட்கார்ந்து, எங்க மாட்டிக்கிறாங்களோ அங்க கை கொடுப்போம். நெட்ல பொதுப் பாடக் களஞ்சியம் ஒண்ணு இருக்கு. எத்தனையோ ஊர் டீச்சருங்க செஞ்சு போட்டிருக்காங்க. எல்லாம் இலவசம். எடுத்துக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம், மாத்திக்கலாம்."

"இரவல் பாடமா? எனக்கு எதுக்குங்க? நானே செய்யறேன்" என்றேன்.

"செய்யுங்க டீச்சர். சின்னதா செய்யுங்க."

அந்தச் 'சின்னதா' என் காதில் நன்றாகவே விழுந்தது. காதோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

வகுத்தல் பாடத்தை எடுத்துக்கொண்டேன். முழு எண்ணை இல்லை, பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. எங்கள் வகுப்பில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அந்த இடத்தில்தான் குப்புற விழுவார்கள். என் வீட்டுக்காரர் தபால் அலுவலகத்தில் வாழ்நாள் எல்லாம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். "என் கை ஆடவே ஆடாது" என்று அவரே சான்றிதழ் கொடுத்துக்கொண்டதால் போனைப் பிடிக்கும் வேலை அவருக்குப் போனது. நான் முகத்துக்குப் பவுடர் போட்டு, விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும் முத்துமாலையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையின் பின்னால் உட்கார்ந்தேன். மேசை விரிப்பில் இஸ்திரிப் பெட்டி சுட்ட முக்கோணக் கறை ஒன்று உண்டு. அதன் மேல் காகிதத்தை வைத்து மறைத்தேன்.

பிறகு பேசினேன். கல்வி என்றால் என்ன, நான் யார், மனித குலம் பின்னத்தை ஏன் கண்டுபிடித்தது, கண்டுபிடித்தவர்களுக்கு என்னவெல்லாம் தெரியாமல் போனது என்று விலாவாரியாகப் பேசினேன். அடுப்பில் வைத்த குக்கர் விட்டு விட்டு விசில் அடித்தது. அதையும் தாண்டிப் பேசினேன். ஒரு கட்டத்தில் வீட்டுக்காரர் போனைக் காட்டி, சார்ஜ் போகிறது என்று கழுத்தை அறுப்பது போல் சைகை செய்தார். உதட்டின் மேல் விரலையும் வைத்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு, காகிதப் பட்டையை மடித்து, வெட்டி, அடுக்கி, கணக்கை விறுவிறுவென்று முடித்தேன். அப்போதே போன் அணைந்தது.

மறுநாள் அதைக் களஞ்சியத்தில் ஏற்றினேன். 'இந்தப் பாடத்தை மற்றவர்கள் மாற்றிப் பயன்படுத்தலாமா?' என்று கேட்டது. ஊரையே தானம் கொடுக்கிறவள் போல 'ஆம்' என்று அழுத்தினேன். மாற்றுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு!

அடுத்த வகுப்பில், "எல்லாரும் பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன் டீச்சர். அந்த மாலை ரொம்ப எடுப்பா இருந்தது" என்றார் முடிவெட்டுகிறவர்.

"பாடம்?"

"மாலை வரைக்கும்தான் பார்த்தேன்."

பஸ் டிரைவர் எழுந்தார். "என்னை மன்னிக்கணும் டீச்சர். எனக்குத் தூக்கமே வராது, தெரியுமில்ல? உங்க பாடத்தைப் போட்டுட்டுப் படுத்தேன். டாக்டர் கொடுத்த மாத்திரையையே நிறுத்திட்டேன்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரிப்பது போல் பல்லைக் காட்டினேன்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிறவள். எல்லோரும் அவளை 'ஸ்ட்ரெச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் அதற்குத்தான் திரும்புவாள். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள். உதவி நர்ஸ் பயிற்சியில் அவளுக்கு இடம் தரத் தயாராக இருந்தார்கள். கணக்குப் பரீட்சையில் மட்டும் தேற வேண்டும். ஏற்கெனவே தவறிப்போனவள். இந்த முறையும் விட்டால் பயிற்சிக்கான வயது தாண்டிவிடும், பிறகு ஓய்வு பெறும் வரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மற்றக் கணக்கெல்லாம் போட்டுவிடுவாள். பின்ன வகுத்தல் வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவாள்.

"டீச்சர், நான் கடைசி வரைக்கும் பார்க்கணும்னுதான் உட்கார்ந்தேன். வேலை முடிஞ்சு வந்த அலுப்பு, கண்ணு சொக்கிடுச்சு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. வகுத்தா குறையத்தானே செய்யணும்? முக்காலை அரைக்காலால, அதான் எட்டுல ஒண்ணால, வகுத்தா ஆறுன்னு எப்படி ஏறுது?"

"தலைகீழாப் போட்டுப் பெருக்கணும்மா. விதி அது. பாடத்தை இன்னொரு தடவை பாரு, எல்லாம் விளக்கியிருக்கேன்."

அவள் தலையாட்டினாள். வண்டியில் படுத்திருப்பவரிடம் 'ஒண்ணும் இல்லைங்க, சரியாயிடும்' என்று சொல்கிறபோது இப்படித்தான் தலையாட்டுவாளாக இருக்கும்.

கொஞ்ச நாளில் ஸ்ட்ரெச்சர் பின்ன வகுத்தல் கணக்கு ஒன்றைத் தடுமாறித் தடுமாறிச் சரியாகப் போட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பார்த்தியா? ரெண்டாம் தடவை பார்த்ததும் புரிஞ்சுதா?"

அவள் நெளிந்தாள். "அது வந்து... களஞ்சியத்துல வேற ஒரு பாடம் கிடைச்சுது டீச்சர். நாலு நிமிஷம்தான். வேலைக்கு நடுவுல லிஃப்டுக்குக் காத்திருக்கிறப்பவே பார்த்துடலாம். இப்பதான் பிடி கிடைக்குது. பரீட்சை வரைக்கும் தினமும் பார்த்தேன்னா பதிஞ்சுடும்."

நாலு நிமிடம்! எனக்கு வணக்கம் சொல்லவே அதற்கு மேல் ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்தப் பாடத்தைத் தேடிப் போட்டேன். முகம் இல்லை. ஒரு மேசை, இரண்டு கைகள், ஒரு காகிதப் பட்டை. முன்பின் தெரியாத ஓர் ஆண் குரல், "இது முக்கால். இதுல எத்தனை அரைக்கால் இருக்கு? எண்ணுங்க" என்றது. அதன் பிறகு பேச்சே இல்லை. கைகள் மடித்தன, வெட்டின, ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தன. ஆறு துண்டுகள். அவ்வளவுதான்.

"இதெல்லாம் ஒரு பாடமா? விதியே சொல்லலை. அந்தக் கையைப் பாருங்க, கத்திரி பிடிக்கிற லட்சணத்தை! ஏதோ கோழியைப் பிடிக்கிற மாதிரி" என்றேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பாடத்தின் பக்கத்திலேயே 'குறை இருந்தால் தெரிவிக்கலாம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. குறை சொல்ல எனக்கு அழைப்பு வேறு வேண்டுமா? எழுதித் தள்ளினேன். கைகளில் பயிற்சி இல்லை. நகத்தில் சமையலறை தெரிகிறது. வெட்டிய துண்டுகள் கோணல். பின்னணியில் ஏதோ ரயில் போகிற சத்தம். இதை நம்பி மாணவர்கள் கெட்டுப்போவார்கள். கடைசியில், 'தவறான பாடம்' என்ற கட்டத்தையும் அழுத்தி, ஆசிரியர் என்ற தகுதியோடு அனுப்பினேன். மனசு லேசாகி நன்றாகச் சாப்பிட்டேன்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்ட்ரெச்சர் வகுப்புக்குள் வந்த வேகத்தில் இரண்டு நாற்காலிகள் மடங்கி விழுந்தன.

"டீச்சர், அந்தப் பாடத்தைக் காணோம்! ஆசிரியர் ஒருத்தர் குறை சொல்லியிருக்காங்க, சரிபார்க்கிற வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கோம்னு போட்டிருக்கு. இப்பதான் டீச்சர் எனக்குப் புரிய ஆரம்பிச்சுது. பாதியில மறந்து மறந்து போகுது. இப்பப் போய்..." போனை என் முன்னால் நீட்டினாள்.

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை அது? யாருன்னு மட்டும் தெரியட்டும், என் பஸ்ஸுல ஏத்த மாட்டேன். மழையில நின்னாலும் ஏத்த மாட்டேன்" என்றார் டிரைவர்.

நான் தினமும் வகுப்புக்கு வருவது அந்த பஸ்ஸில்தான். போர்டை அழித்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். "ஒரு பொத்தானை அழுத்தினா பாடத்தையே நிறுத்துவாங்கன்னு யாருங்க கண்டா? அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்க முடியலை."

"அந்தப் பாடம் என் போன்ல இருக்கு. பிடிச்சிருந்தது, இறக்கி வச்சேன்" என்றார். போட்டுக் காட்டினார். முதலில் சின்னதாக ஒரு இருமல், பிறகு 'வீஈஈ' என்று ஒரு நீட்டல். நான் ரயில் என்று எழுதிய சத்தம்.

நான் அனிச்சையாக அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்பில் எதுவும் இல்லை.

"இருமிட்டு விசில் அடிக்கிற குக்கர் உலகத்துல எத்தனை வீட்டுல இருக்கும்?" என்றார் அவர்.

போனில் தெரிந்த விரிப்பைப் பார்த்தேன். காகிதத்தின் ஓரத்தில் முக்கோணக் கறையின் ஒரு நுனி. கட்டைவிரலில் அடுப்பு சுட்ட தழும்பு. என் கட்டைவிரலைப் பார்த்தேன். அதே தழும்பு, அதே இடத்தில்.

"அது உன் கைம்மா. எனக்குத் தோள்பட்டை வலிச்சுதா, போனைக் கீழ இறக்கிட்டேன். கடைசிக் கொஞ்ச நேரம் உன் கை மட்டும்தான் விழுந்தது. யாரோ ஒரு புத்திசாலி அதை மட்டும் வெட்டி எடுத்திருக்கான்."

"அப்பவே சொல்றதுக்கு என்னங்க?"

"உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன். தன் கையையே இப்படித் திட்டறாளே, இத்தனை வருஷத்துல இவளுக்கும் அடக்கம் வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்."

எப்படித் தெரியும்? என் பாடத்தை நான் கடைசி வரை பார்த்திருந்தால் அல்லவா தெரியும்! மாலை தெரிகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தேன். இதில் டிரைவரை மட்டும் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவராவது தூங்கி எழுந்தார். பாடத்தின் அடியில் ஒரு வரியும் இருந்தது. அதையும் அப்போதுதான் படித்தேன். 'மூலப் பாடம் செய்த ஆசிரியருக்கு நன்றி. பேச்சை மட்டும் எடுத்துவிட்டேன்.'

குறையைத் திரும்பப் பெறுகிறேன் என்று உடனே எழுதினேன். நன்றி, பரிசீலிக்கிறோம், ஒரு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. பரீட்சைக்கு ஒரு வாரம் இல்லை. போனில் இருந்த பாடத்தை அந்த நிமிடமே ஸ்ட்ரெச்சருக்கு அனுப்பலாம். அனுப்பிவிட்டு நல்லவளாகவும் நிற்கலாம், யார் குறை சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அனுப்பினேன். ஆனால் அடுத்த நாள் வகுப்பில் அவள், "நீங்க என்னைத் தெய்வமா வந்து காப்பாத்தினீங்க டீச்சர்" என்று ஆரம்பித்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"குறை எழுதினது நான்தான்" என்றேன். கீழே காற்று இயந்திரம்கூட நின்றிருந்தது. "அந்தக் கையும் நான்தான்."

டிரைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கையை ஏத்திக்கறேன் டீச்சர். வாய்க்குத் தனி டிக்கெட்."

ஸ்ட்ரெச்சர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்து என் முன்னால் வைத்தாள். "அப்ப நேரிலேயே செய்யுங்க டீச்சர். பேசாம."

எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது, கண்ணுகளா. சொல்லவில்லை. மடித்தேன், வெட்டினேன், வைத்தேன். அவள் தடுத்துத் தடுத்துக் கேட்டாள். நான் கையாலேயே பதில் சொன்னேன். பிறகு பட்டையை அவள் பிடுங்கிக்கொண்டாள். முக்காலை எடுத்தாள், அரைக்கால் அரைக்காலாகக் கிழித்தாள், எண்ணினாள். நிமிர்ந்தாள்.

"துண்டு சின்னது. அதான் நிறைய வருது. முக்கால் அப்படியேதான் இருக்கு, ஏறலை. எத்தனை தடவை எடுக்கலாம்னுதான் கேட்கறாங்க. அப்படித்தானே?"

நான் வாயைத் திறந்தேன். வகுப்பு மொத்தமும் "உஷ்!" என்றது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பரீட்சையன்று வாசலில் காத்திருந்தேன். ஸ்ட்ரெச்சர் வெளியே வந்து உள்ளங்கையை விரித்தாள். பரீட்சை அறையில் கொடுத்த வெள்ளைத்தாளின் ஓரம், எட்டாக மடித்து மடித்துக் கசங்கியிருந்தது. "கத்திரியை உள்ள விடலை. மடிச்சே பார்த்துட்டேன்" என்றாள். முடிவு வந்தது, தேறிவிட்டாள். இப்போது அவள் பயிற்சியில் இருக்கிறாள். வண்டியை வேறு யாரோ தள்ளுகிறார்கள்.

நிறுத்தி வைத்த பாடமும் திரும்ப வந்துவிட்டது. போன வாரம் அதன் கீழே புதிதாக ஒரு பாடம் முளைத்திருந்தது. காகிதப் பட்டைக்குப் பதிலாக மருந்து ஊற்றும் அளவுக் குவளை, அகலமான, பழக்கமான இரண்டு கைகள், பழக்கமான குரல், "வகுத்தா குறையணும்னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று தொடங்குகிறது. மூன்றே நிமிடம். என்னை விடவும் ஒரு நிமிடம் குறைத்துவிட்டாள், பாருங்கள்.

நன்றாக இருந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் குவளையைக் கொஞ்சம் வேகமாகச் சாய்த்துவிட்டாள். சும்மா ஒரு வார்த்தை எழுதினால் என்ன என்று என் விரல் அந்தப் பொத்தான் பக்கம் போனது.

"கை!" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே.