அதோ, அங்கே ஒரு கை

கூட்டம் முடிகிற நேரத்தில் மைக் ஐயாவின் குரல் இறங்கும். அதுவரை கூரை அதிரப் பேசிய மனுஷன், தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிடுவார். "எல்லாரும் கண்களை மூடிக்கொள்ளுங்கள். யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். இயேசுவை ஏற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் இருந்த இடத்திலேயே கையை மட்டும் உயர்த்துங்கள்." அவர் தங்கை கீபோர்டில் மெல்ல வாசிப்பாள். சற்று நேரத்தில் ஐயா சொல்வார்: "அதோ, அங்கே ஒரு கை. ஸ்தோத்திரம். இந்தப் பக்கம் இன்னொரு கை. நன்றி ஆண்டவரே."

மைக்கை வாங்கினால் திருப்பித் தர மாட்டார் என்பதால் சபையில் வைத்த பெயர் அது. முகத்துக்கு நேராக வெறும் ஐயா. தங்கைக்கு மட்டும் அண்ணன்.

இந்தத் தடவை ஊழியப் பயணம் வெளியூருக்கு. விடுமுறை என்பதால் ஓர் ஆரம்பப் பள்ளியைத் தங்கக் கொடுத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் நாற்காலிதான் அங்கே இருந்தது. ஐயா உட்கார்ந்தால் முழங்கால் தாடையை வந்து விசாரிக்கும். அந்த நிலையில் இருந்துகொண்டு தேசமெங்கும் எழுப்புதல் வந்து ஜனங்கள் ஆண்டவரிடம் திரும்பப்போவதைப் பற்றிப் பேசுவது யாருக்கும் சிரமம். ஐயா பேசினார்.

கிளம்புவதற்கு முன் வாரக்கணக்கில் பயிற்சி நடந்தது. புதியவர் ஒருவரைச் சந்தித்தால் எப்படிச் சிரிப்பது, அவர் என்ன கேட்டால் என்ன சொல்வது, எந்த வார்த்தை வரும்போது நம் குரல் தழுதழுக்க வேண்டும், எல்லாம் உண்டு. புதியவராக நடித்தது ஐயாவின் மனைவி, தங்கைக்கு அண்ணி. அண்ணி நடிப்பில் குறை சொல்ல முடியாது. குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து பேசினார்கள். ஒருவராலும் அவளை மனம் மாற்ற முடியவில்லை. கடைசியில் ஐயாவே இறங்கினார். அண்ணி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேங்க" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்படித் தயாரான குழுவின் வேனிலேயே நிஜமான புதியவள் ஒருத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். யாருக்கும் அவளிடம் பேசத் தோன்றவில்லை. அவர்கள் கணக்கில் அவள் வந்தது கூடமாட உதவிக்குத்தானே!

தங்கை குடியிருக்கும் கட்டடத்தில் புதிதாகக் குடிவந்தவள் அவள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. கட்டடத்துப் பிள்ளைகள் ஊசி அக்கா என்று கூப்பிட, அது சுருங்கி ஊசி ஆகியிருந்தது. சமீபத்தில் அவள் அம்மா இறந்துபோனாள். அதன்பிறகு ஒருநாள் மாடிப்படியில் தங்கையை நிறுத்தி, "அக்கா, நீங்க ஜெபம் பண்றீங்களே, அது யார் வேணா பண்ணலாமா?" என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் வேன் புறப்படுகிற நாள் வந்துவிட்டது. "வா, அங்க வந்து பேசிக்கலாம்" என்று தங்கை கூட்டிவந்துவிட்டாள்.

முதல் நாள் கூட்டம் பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில். வந்தவர்களில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்பது, மழை விட்டதும் தெரிந்தது. மீதிப் பேர் முன்னால் ஐயா கண்ணை மூடச் சொன்னார். கைகள் உயர்ந்தன, அதாவது, உயர்ந்ததாக ஐயா சொன்னார். மூன்று என்று தங்கைக்கு ஞாபகம். சாப்பிட உட்கார்ந்தபோது அது ஏழெட்டு ஆகியிருந்தது. ஊரில் இருந்த சபை மூப்பரோடு போனில் பேசும்போது, "கைகள் எழும்பின பாருங்க, அறையே தாங்கல" என்று ஐயா சொல்லிக்கொண்டிருந்தார்.

குழாயடியில் தட்டுக் கழுவும்போது ஊசி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"யாருமே கை தூக்கல."

தங்கை தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. "நீ கண்ணை மூடலையா?"

"எனக்கு அது வராதுக்கா. என் முன்னாடி உட்கார்றவங்க எல்லாரும் கண்ணை மூடிக்குவாங்க. நானும் மூடிக்கிட்டா ஊசி எங்க போய் இறங்கும்?" சிரித்தாள். பிறகு, "உங்க அண்ணனும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் நின்னாரு. மூடிக்கிட்டே அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கைங்கிறாரு."

"சிலர் மனசுக்குள்ள தூக்கியிருப்பாங்கம்மா..." பயிற்சியில் வராத கேள்விக்குப் பயிற்சிக் குரலிலேயே பதில் சொல்லிவிட்டதைத் தங்கை தாமதமாகத்தான் உணர்ந்தாள்.

"விடுங்கக்கா. எனக்கு அந்தக் குரல் தெரியும். தினமும் 'வலிக்காது, வலிக்காது'ன்னு சொல்லித்தானே குத்துறேன்." ஊசி குழாயை மூடினாள். "அம்மாவோட ரிப்போர்ட்டை நான்தான் முதல்ல பார்த்தேன். அம்மா என்னாச்சுன்னு கேட்டாங்க. அதே குரல்ல, எல்லாம் சரியாயிடும்னு சொன்னேன். தன் தங்கச்சியைப் போய்ப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சரியானதும் போலாம்னேன். போகவே இல்ல. இதை யார்கிட்டயாவது சொல்லணும். திருப்பி எனக்கு 'வலிக்காது'ன்னு சொல்லாத யார்கிட்டயாவது. அதுக்குத்தான் வந்தேன். இங்கயும் அதேதான்னா, எனக்கு எதுக்கு? நாளைக்குச் சாயங்கால பஸ்ல கிளம்பிடுறேன்."

காலையில் ஐயா குரலுக்காக உப்புத்தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தார். தங்கை போய் நின்றாள்.

"அண்ணே, நேத்து கை தூக்கினது யாரு?"

ஐயா வாயில் தண்ணீரோடு வானத்தைப் பார்த்தார். வழக்கத்தைவிட நீளமான கொப்பளிப்பு. துப்பிவிட்டு, "ஏன்?"

"ஊசி கண்ணைத் திறந்து பார்த்திருக்கா."

"கண்ணை மூடச் சொன்னா மூடணும்! இதுதான் இந்தக் காலத்துல கீழ்ப்படிதல்..."

"நீங்க மூடியிருந்தீங்களாமே."

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த அண்ணி திரும்பவே இல்லை. "கல்யாணமான புதுசுலயே எனக்குத் தெரியும்" என்று துணியிடம் சொன்னாள்.

ஐயா அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். மைக் இல்லாமல் அவர் குரல் எவ்வளவு சிறியது என்று தங்கைக்கு மறந்தே போயிருந்தது. "ஆரம்பத்துல ஒரு தடவை திறந்து பார்த்தேன். ஒருத்தரும் இல்ல. என்ன செய்யிறதுன்னு தெரியல. ஒரு கைன்னு சொல்லிட்டேன். அதைக் கேட்டு யாராவது தைரியமா தூக்குவாங்கன்னுதான். அப்புறம் திறந்து பார்க்கவே பயமா போச்சு." சற்றுக் கழித்து, "இதை வெளியில சொல்லிராதம்மா. ஊழியம் என்னாகும்?" என்றார்.

"ஊழியம் இருக்கட்டும். அந்தப் பொண்ணு பையைக் கட்டுது" என்றாள் அண்ணி.

ஊசி நிஜமாகவே கட்டிக்கொண்டிருந்தாள். தங்கை பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். வாரக்கணக்கில் பழகியதில் ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. வந்தாலும் உதவாது.

"நீ சொன்னது சரி. கை இல்ல. நானும் எத்தனையோ தடவை ஓரக்கண்ணால பார்த்திருக்கேன். பார்த்துட்டு, கீபோர்டு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்குவேன். அவ்வளவுதான் என் வீரம்."

ஊசியின் கை பையின் ஜிப்பில் நின்றது.

"எனக்கு அண்ணன் மாதிரி பேச வராது. ஆனா தனியா ஜெபம் பண்ணும்போது நான் எதையும் கூட்டிக்கிறதில்ல. அவருக்கு எல்லாம் முன்னாடியே தெரியும், அப்புறம் யாருக்காக நடிக்க?"

"அம்மாகிட்ட பொய் சொன்னேன்னு சொன்னா, உங்க இயேசு என்ன சொல்லுவார்?"

"வலிக்காதுன்னு சொல்ல மாட்டார்." கொஞ்சம் யோசித்தாள். "அவர்கூடவே சுத்தின ஒருத்தர், நேரம் வந்ததும் பயத்துல, அவர் யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டார். அப்புறமும் இயேசு அவரைக் கூப்பிட்டு உட்கார வச்சு, சாப்பாடு போட்டு, கேள்வியும் கேட்டார். கேட்ட கேள்வி வலிச்சுதாம். ஆனா அனுப்பிடல. இதுக்கு மேல எனக்கே தெரியாது ஊசி. நான் அங்கதான் நிக்கிறேன்."

ஊசி பையைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். பிறகு, "கூட்டம் முடிஞ்சும் ஒரு பஸ் இருக்காம்" என்றாள்.

அன்று சாயங்காலம் மழை இல்லை. ஆகவே கூட்டமும் குறைவு. ஐயா இடி முழங்கினார், குரல் இறங்கியது, கண்களை மூடச் சொன்னார். தங்கை வாசித்தாள். வழக்கமான இடம் வந்தது.

தங்கை கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

இவ்வளவு நாளும் அந்த இசை எதையெல்லாம் மூடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. மின்விசிறி கரகரத்தது. யாரோ இருமினார்கள். ஐயா 'அதோ' என்று தொடங்கினார். அந்த அமைதியில் அது அவருக்கே கேட்டது. கண்ணைத் திறந்தார். முதல் வரிசையிலிருந்து கடைசிவரை பார்த்தார். ஒருபக்கம் முடித்து மறுபக்கம் போனார். பிறகு மைக்கிலேயே சொன்னார்.

"கை எதுவும் இல்ல. நேத்தும் இல்ல."

பின்னால் ஒருவர், கண்ணை மூடியபடியே, "அல்லேலூயா" என்றார். பழக்கம்.

இதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று ஐயாவுக்குத் தெரியவில்லை. இந்த இடத்துக்கு அவர் வந்ததே இல்லை. "மன்னிச்சுக்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் குரல் தழுதழுத்தது. யாரும் பயிற்சி கொடுத்த இடம் அல்ல அது.

ஊசி எழுந்தாள். தோளில் பை இருந்தது. கதவுப் பக்கம் போவாள் என்று தங்கை நினைத்தாள். அவள் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து, பையைத் தரையில் வைத்தாள்.

"கண்ணை மூடணுமாக்கா?"

"உன் இஷ்டம்."

"அப்போ திறந்தே இருக்கட்டும்." எதிரே இருந்த வெறும் சுவரைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் ஆரம்பித்தாள். "இயேசுவே, அம்மாகிட்ட சரியாயிடும்னு சொன்னேன். சரியாகாதுன்னு எனக்குத் தெரியும்..."

மேடையிலிருந்து ஐயா பார்த்தார். இத்தனை வருஷத்தில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் பார்த்த, நிஜமாகவே முன்வந்த முதல் ஆள். அவர் முகம் மலர்ந்தது. கை தானாக எழுந்து மைக்கை உதட்டுக்குக் கொண்டுபோனது. "அதோ! அங்கே..."

சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டிப் பார்த்தார். சுவரோரம், பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தாள்.