இருட்டுக்குள் பதினொரு பேர்

ஒருகாலத்தில் பாதி உலகத்தின் நீராவி எந்திரங்களுக்குத் தீனி போட்ட வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கம் எங்களுடையது. இப்போது அதைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு டிக்கெட் கிழிக்கிறோம். டீயும் வெல்ஷ் கேக்கும் இலவசம். மேலாளர் நான்தான், பெயர் மைனிர். வழிகாட்டிகள் எல்லோரும் இதே குழியில் கரி வெட்டியவர்கள். அதுதான் எங்கள் பெருமை. அந்தப் பெருமையே ஒரு செவ்வாய்க்கிழமை என் ஈரக்குலையை நடுங்க வைத்தது.

காலை பதினொன்றரை மணிக்கு, கீழே கூண்டு லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் இட்வல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். பம்ப்காரர் இல்டிட் கீழிருந்து போன் செய்தார்.

"மைனிர், இட்வல் பேச்சுமூச்சில்லாம கெடக்கான். மாரை அமுக்கிப் பாத்துட்டோம். போயிட்டாம்மா."

நான் குழிவாசலுக்கு ஓடினேன். கூண்டுக் கதவு திறந்தது. முன்னால் ஸ்ட்ரெச்சர். பின்னால் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நாலு பேர். கடைசியாக வழிகாட்டி கெத்தின்.

எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். குழிக்குள் ஒருவன் செத்தால் அத்தனை பேரும் போட்டது போட்டபடி அவன் பின்னால் மேலேறி வந்துவிட வேண்டும். அன்றைக்கு மறுபடி யாரும் இறங்கக் கூடாது. என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். அதனால் எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் போனபின் விளக்கறையைப் பூட்டப் போனேன். இறங்குகிற ஒவ்வொருவரும் பலகையிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டு போய், மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார்கள். இட்வலின் வில்லையை நானே மாட்டினேன். அதன்பிறகும் பதினொரு ஆணிகள் வெறுமையாக இருந்தன. வெளியே ஓடினேன்.

கெத்தின் வெளியே டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"கெத்தின், காலையில யாரைக் கூட்டிட்டுப் போனீங்க?"

"பிரிஸ்டல் பஸ் கூட்டம். ஏன் கண்ணு?"

"அவங்க எங்க?"

அவர் முகம் வெளிறிப்போனது.

"கீழ, கரி வண்டி இழுத்த குதிரைங்களோட பழைய லாயத்துல. இருட்டைக் காட்டறதுக்கு வெளக்கெல்லாம் அணைக்கச் சொன்னேன். நான் சொல்ற வரைக்கும் யாரும் போடக்கூடாது, பேசக்கூடாதுன்னேன். அப்பதான் போன் அடிச்சுது. இல்டிட் விஷயத்தைச் சொன்னதும்... காலு தானா நடந்துடுச்சும்மா."

நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. தீப்பொறி பயத்தால் அவர்களுடைய செல்போன்களையும் மேலேயே வாங்கி வைத்திருந்தோம். குழிவாசலில் கூண்டை இயக்குகிறவர் அசையவில்லை.

"இன்னைக்கு எறங்கறதில்ல, மைனிர்."

"உயிரோட பதினொரு பேர் கீழ இருக்காங்கய்யா."

அவர் போய்க் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார். கெத்தினும் நானும் இறங்கினோம். லாயம் வரைக்கும் ஓடினோம். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. யாராவது மயங்கிக் கிடப்பார்களோ, இன்னொரு பிணமோ என்று நினைத்தேன்.

கெத்தினின் விளக்கு அவர்கள் மேல் விழுந்தது. பதினொரு பேரும் நீளப் பலகையில் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள், சொன்னபடி இருந்திருக்கிறார்கள். ஒரு பெண்ணின் முகமெல்லாம் கண்ணீர். பிறகு அவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள்.

"பிரமாதங்க," என்றார் ஒரு வழுக்கைத் தலையர். "நெஜமாவே விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனைச்சுட்டோம். இவ அழவே ஆரம்பிச்சுட்டா. என்ன நடிப்புங்க."

கெத்தின் தலைக்கவசத்தைக் கழற்றினார். "என் கூட்டாளி செத்துட்டான்," என்றார். "முப்பது வருஷம் ஒண்ணா வெட்டினோம்."

கைதட்டல் இன்னும் பலமானது.